இங்கிலீஷ் புத்தகத்தின் சரண்டர் வேல்யூ

1

தமிழ்நாட்டில் ஒரே வருஷத்தில் அதிகம் பேர் கைக்குப் போய்ச் சேரும் உலகச் சிறுகதைத் தொகுப்பு எது? புத்தகக் கண்காட்சிக் கணக்கையெல்லாம் புரட்ட வேண்டாம். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல்தான். லட்சக்கணக்கான பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதை வருஷம் முழுக்கப் பையில் சுமக்கிறார்கள். அதிலிருக்கும் கதைகளைப் பற்றி இரண்டு மார்க், ஐந்து மார்க் என்று எழுதுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் பலர் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இவ்வளவு பேர் கையில் இருக்கும் ஒரு தொகுப்புக்கு எந்த இலக்கிய இதழிலும் மதிப்புரை வந்து நான் பார்த்ததில்லை. இருநூறு பிரதி விற்கும் கவிதை நூலுக்கு நான்கு விமர்சனம் எழுதுகிற நாம், இதைப் புத்தகமாகவே கணக்கில் வைப்பதில்லை போல. வைத்துப் பார்ப்போமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

2019இல் வெளியான அந்தப் பாடநூலில் ஏழு அலகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம். 'நான்-டீடெய்ல்' என்று சொல்லி நாம் வளர்ந்தோமே, அந்தத் துணைப்பாடம். யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள். அயர்லாந்தின் லியம் ஓஃப்ளாஹெர்ட்டி, அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர், சத்யஜித் ரே, பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே, கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ். கவிதையில் கிப்ளிங். துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்', சீனத்து முலானின் கதை. வண்ணப் படங்கள் உண்டு, க்யூஆர் கோடு உண்டு. ஒரு தொகுப்பாளரின் ரசனை என்று பார்த்தால் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ரேயின் 'தி அட்டிக்' கதையைப் பாடத்தில் வைக்கத் தோன்றிய மனதைப் பாராட்டத்தான் வேண்டும். சொந்த ஊருக்குத் திரும்பும் பயணம், பள்ளிக்காலத்து வெள்ளிப் பதக்கம், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய குற்றவுணர்ச்சி. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பிடிபடக்கூடிய விஷயம்.

அதனால் என் புகார் ரசனை மேல் இல்லை. இந்தப் புத்தகத்தைத் துணையில்லாமல் தானே உட்கார்ந்து வாசிக்கக்கூடிய பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆசிரியர் விளக்க, பிள்ளை கேட்டுக் குறித்துக்கொள்ள என்றே செய்த புத்தகம் இது. பிள்ளை தனியாக வாசிப்பது அதன் திட்டத்திலேயே இல்லை.

2

ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தர்பர் எழுதிய 'தி நைட் தி கோஸ்ட் காட் இன்'. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்தில் ஒரு வீடு. நள்ளிரவில் கீழே யாரோ சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கும் சத்தம். திருடன் என்று நினைத்த அம்மா, போன் கீழே இருப்பதால், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியில் செருப்பை வீசி அவர்களை எழுப்புகிறாள். போலீஸ் வருகிறது, வீட்டையே புரட்டிப் போடுகிறது. மாடி அறையில் தாத்தா. அவர் மனசுக்குள் அமெரிக்க உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை. வந்த போலீஸ்காரர்களை ஜெனரல் மீடின் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய்கள் என்று நினைத்து ஒருவரைத் தோளில் சுட்டுவிடுகிறார். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி, ராத்திரி போலீஸ்காரன்களுக்கு இங்கே என்ன வேலை என்று அவரே கேட்கிறார்.

விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய கதை. தர்பரின் சிரிப்பு சம்பவத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி, இவ்வளவு களேபரத்தையும் அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்கிற தொனியில் இருக்கிறது. தொனி என்பது ஒரு மொழியில் கடைசியாக வசப்படுவது.

மாலை வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லித் தருவதுண்டு. பத்தாவது படிக்கும் ஒரு பெண் இந்தக் கதையை எனக்கு வாசித்துக் காட்டினாள். தடங்கல் இல்லை, உச்சரிப்பும் மோசமில்லை. முடித்ததும் கேட்டேன்.

"இதுல எந்த இடத்துல உனக்குச் சிரிப்பு வந்துச்சு?"

"சிரிப்பா? இது பேய்க் கதைதானே அண்ணா?"

"சரி, தாத்தா ஏன் போலீஸைச் சுடறாரு?"

"அவரு அவங்கள டெசர்ட்டர்ஸ்னு நெனச்சுட்டாரு."

"டெசர்ட்டர்ஸ்னா யாரு?"

கொஞ்சம் யோசித்தாள். "பாலைவனத்துல இருக்கறவங்க அண்ணா."

இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. 'டெசர்ட்' என்றால் பாலைவனம் என்று எங்கோ படித்ததை நினைவில் வைத்து, அதிலிருந்து ஒரு சொல்லைத் தானே கட்டி எடுத்திருக்கிறாள். மொழி கற்கும் மூளை செய்ய வேண்டியதைத்தான் அவள் மூளை செய்தது. தமிழில் கொடுத்த கதையை எனக்கு நடித்தே காட்டிய பெண் அவள். வேடிக்கை என்னவென்றால், இதே பாடத்துக்கு அவள் எழுதிய ஐந்து மார்க் பத்தியைப் பள்ளித் தேர்வுத் தாளில் பார்த்தேன். ஐந்துக்கு ஐந்து. 'டெசர்ட்டர்ஸ்' என்ற சொல் அதில் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. கைடில் இருந்தது அப்படியே தாளுக்கு வந்திருந்தது.

ஆக, கதையை வாசித்தாகிவிட்டது, பத்தி எழுதியாகிவிட்டது, முழு மதிப்பெண்ணும் வந்தாகிவிட்டது. கதை மட்டும் அவளிடம் போய்ச் சேரவில்லை. சேரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு புத்தகத்திலும் இல்லை, பரீட்சையிலும் இல்லை.

3

ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கிற நமக்கு இந்தப் பிள்ளையின் நிலைமை விளங்குவது கஷ்டம். ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். கீழே இருக்கும் வாக்கியத்தை அகராதி பார்க்காமல் வாசியுங்கள்.

எழிலி கவிந்த மாலையில் குரம்பையை விட்டு வெளியே வந்த சிறுவன், அளற்றில் கால் புதைய நடந்து, ஞமலி குரைத்த திசையில் வெருகைத் தேடினான்.

பதினேழு சொற்கள். எல்லாம் தமிழ்ச் சொற்கள். ஐந்து மட்டும் இன்று புழக்கத்தில் இல்லாதவை. ஞமலி நாய் என்று கண்டுபிடித்திருப்பீர்கள், குரைத்ததுதான் காட்டிக்கொடுத்துவிட்டதே. எழிலி மேகம் என்றும் குரம்பை குடிசை என்றும் ஊகித்திருக்கலாம். அளறு சேறு. வெருகு? அவன் எதைத் தேடிப் போகிறான் என்பதுதானே கதை! அது காட்டுப்பூனை என்று தெரியாவிட்டால் மற்ற பதினாறு சொல் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. சங்க இலக்கியப் பழக்கம் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவர்கள் தனியார் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே அடர்த்தியில் ஐந்து பக்கம் வாசிக்கச் சொன்னால் நீங்கள் எத்தனையாவது பத்தியில் போனை எடுப்பீர்கள்?

வாசிப்பு ஆய்வுகளில் ஒரு கணக்கு உண்டு. ஹூவும் பால் நேஷனும் 2000இல் வெளியிட்டது. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க, அதன் சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று புதிதாக இருக்கலாம். அந்த ஒன்றைச் சுற்றியுள்ள நாற்பத்தொன்பதும் சேர்ந்து கற்றுக்கொடுத்துவிடும். பத்தில் இரண்டு மூன்று தெரியவில்லை என்றால் ஊகிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அப்போது பிள்ளை செய்வது வாசிப்பே கிடையாது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழ் அர்த்தம் எழுதிக்கொள்வதுதான். அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்றின் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள், முதல் இரண்டு பாடங்களில் வரிக்கு வரி பென்சில் இருக்கும். மூன்றாவது பாடத்தில் குறையும். அதற்கப்புறம் பக்கங்கள் வெள்ளையாக இருக்கும். அந்த இடத்தில் கைடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

புத்தகத்திலேயே அருஞ்சொற்பொருள் இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள். தெரியாத ஒருவரைப் பற்றி விசாரித்தால், தெரியாத இன்னொருவரின் வீட்டு அட்ரஸைக் கொடுக்கிற மாதிரி.

4

இப்படி எழுதினால் உடனே ஒரு கோபம் வரும். நியாயமான கோபம். "அப்போ ஏழைப் பிள்ளைக்கு எளிமையான புத்தகம், பணக்காரப் பிள்ளைக்கு ஷேக்ஸ்பியரா? மறுபடியும் பழைய கதையா?"

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இதைப் பற்றிப் பேசவே கூடாது. மெட்ரிகுலேஷனுக்கு ஒரு புத்தகம், மாநகராட்சிப் பள்ளிக்கு வேறு புத்தகம் என்றிருந்ததை மாற்றத்தான் சமச்சீர்க் கல்வி வந்தது. 2010இல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் தொடங்கி, 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மற்ற வகுப்புகளுக்கு வந்தது. போராடி வாங்கிய சமத்துவம் அது. ஒரே புத்தகம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்த ஒரே புத்தகத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். நகரத்து ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளை தர்பரிடம் வரும்போது வெறும் கையோடு வருவதில்லை. மூன்று வயதில் படுக்கையில் அம்மா வாசித்த படப் புத்தகம், அப்புறம் எனிட் பிளைட்டன், ஜெரோனிமோ ஸ்டில்டன், ஹாரி பாட்டர், டிங்கிள், கார்ட்டூன் சேனல். நூற்றுக்கணக்கான எளிய புத்தகங்களை எந்த டீச்சரும் கேட்காமல் தின்று தீர்த்துவிட்டுத்தான் வருகிறது. அதற்குப் பத்தாம் வகுப்புப் புத்தகம் இருபதாவது மாடி இல்லை, அடுத்த படி. இன்னொரு பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் ஒரே ஆங்கிலப் புத்தகமே இந்தப் பாடநூல்தான். அதற்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பாடநூல். அதற்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பாடநூல். அவ்வளவுதான்.

பாடநூலைச் சமமாக்கினோம். பாடநூல் தனக்கு முன்னால் இருக்கிறது என்று சத்தமில்லாமல் நம்பிக்கொண்டிருக்கிற அந்த அலமாரியைச் சமமாக்கவில்லை. எளிய புத்தகம் கேட்பது ஏழைப் பிள்ளைக்குத் தரக்குறைவான ஒன்றைக் கேட்பது ஆகாது. பணக்காரப் பிள்ளைக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டதைக் கேட்பது.

நாடு முழுக்க இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஊரகப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்பில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 2016இல் 24.7 சதவீதம், 2022இல் 24.5 சதவீதம். எட்டாம் வகுப்பில் 45.3இலிருந்து 46.7. இது அகில இந்தியக் கணக்கு. அங்கே கொடுத்த வாக்கியங்கள் தர்பர் இல்லை, மிகச் சின்ன வாக்கியங்கள். அதையே எட்டாம் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோரால் வாசிக்க முடியவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் அவர்கள் எப்படி ஜெனரல் மீடிடம் போய்ச் சேருவார்கள்?

நமக்கு இது இன்னும் கொஞ்சம் நெருக்கமான விஷயம். 1968இலிருந்து தமிழ்நாடு இருமொழிக் கொள்கையில் நிற்கிறது. தமிழ் வேர், ஆங்கிலம் உலகத்துக்கான ஜன்னல் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். நானும் அதை நம்புகிறவன்தான். அப்படியானால் அந்த ஜன்னல் திறக்கிறதா என்று பார்க்கிற கடமையும் நமக்குத்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வருஷம் ஆங்கிலம் படித்த பெண்ணுக்கு அது சுவரில் வரைந்த ஜன்னலாக இருந்தால், கொள்கையைக் காப்பாற்றுவது எப்படி?

5

இதையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் யோசித்துவிட்டார். மைக்கேல் வெஸ்ட். அப்போதைய வங்காளத்தின் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். காலனியாட்சியின் கல்வி அதிகாரிதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வங்காளிப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதற்குப் பிள்ளைகள் மக்கு என்று சொல்லாமல், கையில் இருக்கும் புத்தகம் சரியில்லை என்று சொன்னவர். இங்கிலாந்துப் பிள்ளைக்காக எழுதிய ரீடரை டாக்காவில் கொடுத்தால் என்ன நடக்கும்? பக்கத்துக்குப் பக்கம் புதுச்சொல் குவிகிறது. ஒருமுறை வந்த சொல் திரும்ப வருவதில்லை. அரிதான சொல்லுக்குப் பதில் அடிக்கடி வரும் சொல்லைப் போடு, புதுச்சொல்லை இடைவெளி விட்டு அறிமுகம் செய், வந்த சொல்லைத் திரும்பத் திரும்பக் கொண்டுவா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கதை சுவாரசியமாக இருக்கட்டும் என்று அவரே ரீடர்கள் தயாரித்தார். 1926இல் வந்த அவருடைய வங்காள ஆய்வில் ஒரு சொல் வருகிறது. சரண்டர் வேல்யூ.

எல்ஐசி பாலிசி எடுத்த எல்லா வீட்டிலும் தெரிந்த வார்த்தை. இருபது வருஷ பாலிசியை எட்டாவது வருஷத்தில் கட்ட முடியாமல் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும் என்பது. வெஸ்ட் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாப் பிள்ளையும் கடைசி வகுப்பு வரை வரப்போவதில்லை. பாதியில் நிற்கிற பிள்ளைக்கு, நின்ற அந்த வருஷம் வரை கட்டியதற்கு என்ன கிடைக்கிறது? கடைசிப் படியை எட்டினால்தான் பயன் என்று பாடத்திட்டம் போட்டால், இடையில் இறங்கியவர்களுக்குப் பூஜ்யம்தான். ஒவ்வொரு வருஷமும் அந்தந்த அளவில் முழுசாக ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நம் ஆங்கிலப் பாடநூலை இந்த ஒரே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தானாக எடுத்து வாசித்து மகிழக்கூடிய ஒரு ஆங்கிலப் புத்தகத்தைக் காட்ட முடியுமா? எட்டாவதோடு நின்ற பையன் ஒரு மருந்து அட்டையையோ, செல்போன் திரையில் வரும் நான்கு வரி எச்சரிக்கையையோ பயமில்லாமல் வாசிப்பானா? பத்தாவது முடித்துவிட்டு மில்லுக்குப் போகிற பெண்ணிடம் தர்பர், கிப்ளிங், ஷேக்ஸ்பியர் எல்லாம் சேர்ந்து எதை விட்டுவிட்டுப் போனார்கள்? பிரீமியம் பத்து வருஷம் கட்டியிருக்கிறாள். சரண்டர் வேல்யூ என்ன?

என்னைக் கேட்டால், ஒரு மனப்பாடப் பாட்டில் நான்கு வரியும், தனக்கு இங்கிலீஷ் வராது என்ற உறுதியான நம்பிக்கையும். இரண்டாவதுதான் ஆயுள் முழுக்க நிலைக்கிறது.

6

மாற்று வழி இருக்கிறதா? இருக்கிறது, செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் ஒரு சோதனை நடத்தினார்கள். புத்தகமே அதிகம் இல்லாத எட்டுப் பள்ளிகள். நான்காம், ஐந்தாம் வகுப்பு. வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள், படம் போட்டவை, சுவாரசியமானவை. சில வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் கொஞ்ச நேரம் அமைதியாகத் தாங்களே வாசித்தார்கள். சிலவற்றில் ஆசிரியர் எல்லோரோடும் சேர்ந்து ஒரு கதையை வாசித்து, பேசி, நடித்தார். வேறு சில பள்ளிகளில் பழையபடி வாக்கிய அமைப்புப் பயிற்சி. எட்டு மாதத்தில் பார்த்தால், புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தார்கள். இன்னும் ஒரு வருஷம் போனதும், யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்காத மற்ற மொழித் திறன்களுக்கும் அது பரவியிருந்தது.

அதே காலத்தில் நம் பக்கத்திலேயே என். எஸ். பிரபு வேறொரு முயற்சி செய்தார். 1979இலிருந்து 1984 வரை, பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில். ரயில் கால அட்டவணையைப் பார்த்து வண்டி கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்கிற மாதிரி வேலைகள். பிள்ளையின் கவனம் அர்த்தத்தில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. உலகம் முழுக்க மொழி ஆசிரியப் பயிற்சியில் இன்றும் இதைப் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று பாடம் நடத்துகிறார்கள். நம் ஊர்ப் பள்ளியில் பிறந்த யோசனை, நம் ஊர்ப் புத்தகத்தில் பயிற்சிக் கட்டங்களாகச் சுருங்கிக் கிடக்கிறது.

இவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். 2023இல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை தமிழுக்கு வாசிப்பு இயக்கம் தொடங்கியது. சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். எவ்வளவு அழகான பெயர்கள்! பாடநூல் தவிர வேறு புத்தகம் வேண்டும், அது படிப்படியாக இருக்க வேண்டும், பிள்ளைக்கு அது பிடிக்க வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. தாய்மொழிக்கே படி தேவை என்று தெரிந்த நாம், வீட்டில் ஒரு வார்த்தை கூடக் காதில் விழாத மொழிக்கு நேராகப் பறக்கச் சொல்கிறோம்.

7

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை.

ஏழு அலகை நான்காகக் குறையுங்கள். ரே இருக்கட்டும், தோதே இருக்கட்டும். மிச்சமாகும் பீரியடுகளை வகுப்பு அலமாரிக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வகுப்பறையிலும் இருநூறு மெல்லிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள், படிவாரியாக. புதிதாக எழுதக்கூட வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015இலிருந்து படிவாரியான கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருகிற இருமொழிப் படப் புத்தகங்களைச் சென்னையின் தூலிகா பல வருஷமாகப் போட்டுவருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் படிப் புத்தகத்தை எடுத்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது.

தெரிந்த கதையில் ஆரம்பியுங்கள். தெனாலிராமனையும் பாட்டி வடை சுட்டதையும் ஆங்கிலத்தில் வாசிக்கும் பிள்ளைக்குக் கதைச் சுமை இல்லை, மொழிச் சுமை மட்டும்தான். டெம்பெஸ்டில் இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் தலையில் ஏறுகிறது.

அருஞ்சொற்பொருளைத் தமிழில் போடுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் வந்தால் தீட்டு என்ற பாவனையை விடுங்கள். எப்படியும் பிள்ளை பென்சிலால் தமிழில்தான் எழுதிக்கொள்ளப் போகிறது. அச்சிலேயே இருந்தால் சரியான அர்த்தமாவது இருக்கும், சிப்பாய்கள் பாலைவனத்துக்குப் போக மாட்டார்கள்.

தினமும் பத்து நிமிஷம் ஆசிரியர் வாசித்துக் காட்டட்டும். கேள்வி கேட்க வேண்டாம், நோட்ஸ் வேண்டாம். நாளைக்கு என்ன ஆகும் என்ற இடத்தில் நிறுத்தட்டும். இதற்கு ஆசிரியரின் ஆங்கிலமும் வளர வேண்டும் என்பது உண்மை. எளிய புத்தகம் அவர்களுக்கும் நல்லதுதான். அறுபது பிள்ளைகளையும் நூறு பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு அல்லாடுகிற ஆசிரியரை இதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கைடைத் தேடிப் போக வைத்தது புத்தகம்தான்.

கடைசியாகப் பரீட்சை. அதை மாற்றாமல் மற்றதெல்லாம் வெறும் அறிவிப்பு. கதையின் ஐந்து வாக்கியங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்து என்று கேட்டால், பிள்ளை வரிசையை மனப்பாடம் செய்யும். அதற்குப் பதிலாக, இதுவரை பார்க்காத ஒரு பக்கக் கதையைக் கொடுத்து, தமிழில் பதில் எழுதினாலும் சரி, என்ன நடந்தது, உனக்கு என்ன தோன்றியது என்று பாதி மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். கைடு போட முடியாத கேள்வி அது. முதல் வருஷம் தேர்ச்சி விகிதம் சரியும். அந்தச் சரிவு, இவ்வளவு காலம் மறைந்திருந்த கணக்கு வெளியே வருவதுதான்.

8

ஆறாவது அலகில் இருக்கிறது தோதேவின் 'தி லாஸ்ட் லெசன்'. 1871இல் அல்சாஸ் பகுதி ஜெர்மனி கைக்குப் போகிறது. இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு. பிரெஞ்சு ஆசிரியர் ஹாமெல் தன் கடைசி வகுப்பை எடுக்கிறார். தாய்மொழிப் பற்றுக் கதையாகத்தான் நாம் இதை எப்போதும் நடத்துகிறோம். மொழிப்போர் நடந்த மண்ணில் அது இயல்பு. ஆனால் தோதே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அல்சாஸ் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளில் பேசியது ஜெர்மானிய வழியில் வந்த அல்சேசியன் பேச்சு. சிறுவன் ஃப்ரான்ஸ் மாதிரியான பல பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வீட்டு மொழியாக இல்லை, பள்ளிக்கூட மொழியாகத்தான் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மாதிரி.

அப்படி வாசித்தால் இது வேறு கதை. ஒரு பள்ளி மொழி சரியாகக் கற்பிக்கப்படாமலே போன கதை. ஃப்ரான்ஸுக்கு இலக்கண விதி ஒன்று சொல்ல வரவில்லை. ஹாமெல் அவனைத் திட்டவில்லை. படிக்க வேண்டிய நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினேன், மீன் பிடிக்கப் போக வேண்டுமென்று லீவு விட்டேன் என்று தன்னையும், வேலைக்கு அனுப்பிய பெற்றோரையும் சேர்த்தே குற்றம் சொல்கிறார். நாற்பது வருஷம் நடத்திய பிறகு, கடைசி நாளில்.

அந்த வகுப்பின் பின்பெஞ்சில் ஹாவ்ஸர் என்ற கிழவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஓரம் தேய்ந்துபோன அரிச்சுவடி, அதன்மேல் பெரிய மூக்குக்கண்ணாடி. பொடிப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். ஊரே இருக்கிற இடத்தில், வயசான மனிதர், ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு. யாரும் சிரிக்கவில்லை. உணர்ச்சியில் அவர் குரல் நடுங்குகிறது.

எளிய புத்தகத்துக்கு இதைவிட மரியாதை செய்த கதை எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புப் பாடநூலுக்குள்ளேயே அது இருக்கிறது. அதைச் சேர்த்த குழுவும் வாசித்திருக்கும்தானே. அடுத்த முறை பாடநூல் திருத்த உட்காரும்போது, அந்தக் கிழவர் மடியில் வைத்திருந்த மாதிரி ஒரு புத்தகம் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மடியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். மற்ற வேலைகள் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரும்.